கரட்டுக்குரலின் மிச்சவரிகள்

வெள்ளக்கரட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும், பள்ளிக்கூடப் பத்திரிகையிலிருந்து வரிகள் கழன்று ஊருக்குள் வந்த கதையை அவரவருக்கு வந்த வரியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். முருங்கைக்காய் மண்டிக்காரர் தராசிலிருந்து ஆரம்பிப்பார், மினிபஸ் கண்டக்டர் படிக்கட்டிலிருந்து ஆரம்பிப்பார், பால்காரர் தன் எருமையின் விலாவிலிருந்து ஆரம்பிப்பார். நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருப்பவன். இத்தனை நாளில் என் கடைக்கு ஒரு கமா கூட வந்ததில்லை. அதனால் எனக்கு யார் பக்கமும் சாய வேண்டிய அவசியமில்லை, உள்ளதை உள்ளபடி சொல்வேன். எல்லாம் ஆரம்பித்தது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில். அந்த அறையின் ஜன்னல் என் கடையைப் பார்த்துத் திறந்திருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர்களை வாங்கிக் கொடுத்தது கிழக்கே, பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்த ஒரு நூல் மில். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் மில் முதலாளியின் காலஞ்சென்ற தகப்பனார் ஸ்டிக்கரில் சிரித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் மாதம் ஒரு பத்திரிகை கொண்டுவரட்டும், அச்சுப்போடுவது எங்கள் பொறுப்பு, கடைசிப் பக்கத்தில் எங்கள் வாழ்த்து மட்டும் இருந்தால் போதும் என்றும் மில்லிலிருந்து சொல்லிவிட்டார்கள். பத்திரிகைக்குக் கரட்டுக்குரல் என்று பெயர் வைத்தவர் தலைமையாசிரியர் தணிகாசலம். அதன் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் எப்படி அமைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஜெசிந்தா டீச்சர்.

ஜெசிந்தா டீச்சர் அதற்கு முன்பு திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவர். உள்ளங்கை அகலத் தாளில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அந்தத் தாய்மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு தாய்மாமன், அவர்கள் வீட்டு வாண்டுகள் என்று ஒரு வம்சத்தையே இறக்கி வைக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் பந்தலுக்கு வர மாட்டார்கள், வந்தாலும் சாப்பிட மாட்டார்கள். எழுத்தைச் சின்னதாக்கலாம், வரிகளை நெருக்கலாம், ஆளை மட்டும் விடக்கூடாது என்பதுதான் அங்கே அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

எங்கள் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தாளில் முதலில் பெட்டி போட வேண்டும், அப்புறம்தான் அதற்குள் எழுத்தை ஊற்ற வேண்டும் என்பது. படத்தை இழுக்கும்போது ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் அகலமாகிவிடுவார் என்பது இரண்டாவது பாடம்; இதை மறந்த ஒரு பையன் தலைமையாசிரியரின் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட, அவர் அதைப் பார்த்து, இந்தப் படத்தில்தான் நான் ஒரு தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறேன் என்று அதையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூன்றாவது பாடம் சிவப்புக் கூட்டல் குறி. எழுத்து பெட்டிக்குள் அடங்காமல் போனால் பெட்டியின் கீழ் மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு கூட்டல் குறி முளைக்கும். மிச்சம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒன்பதாம் வகுப்பு யோகலட்சுமி அன்றைக்குக் கேட்ட கேள்வி ஜன்னல் வழியாக என் கடை வரைக்கும் கேட்டது.

“மிச்சம் எங்க போச்சு டீச்சர்?”

“எங்கயும் போகல. உள்ள எடமில்லைன்னு வெளிய நிக்குது. பெட்டியப் பெருசாக்குனா உள்ள வந்துரும்.”

“பெருசாக்கலன்னா?”

“வெளியதான் நிக்கும்” என்றார் டீச்சர். அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

முதல் இதழில் தலைமையாசிரியரின் அகலமான படமும், ஒழுக்கம் பற்றிய அவருடைய நீளமான கட்டுரையும், மில்லின் வாழ்த்தும், மில்லுக்கு வாழ்த்துச் சொன்னவர்களின் வாழ்த்தும் இடம்பிடித்தது போகப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு மூலை முடுக்குகள்தான் மிஞ்சின. டீச்சர் எழுத்தைச் சின்னதாக்கினார், வரிகளை நெருக்கினார், அப்படியும் பெட்டிக்குப் பெட்டி சிவப்புக் குறி நின்றது. அச்சகத்து ஆள் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றான், தலைமையாசிரியர் முதுகுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார், கல்யாணப் பத்திரிகையில் ஒரு நண்டு சிண்டைக்கூட விடாத ஜெசிந்தா டீச்சர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக மிச்சத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கோப்பை அனுப்பினார்.

இதழ் வெளிவந்த மறுநாள் காலையில் மண்டிக்கு வந்த முருங்கைக்காய்க் கட்டுகளில் எழுத்து இருந்தது. காயின் பச்சையில் கறுப்பாக, நீளவாக்கில், அச்சடித்த மாதிரி இருந்தது. மினிபஸ் படிக்கட்டில் இருந்தது, இட்லிக்கடைத் துணியில் இருந்தது, தையல்காரர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பில் இருந்தது, கறந்துகொண்டிருந்த எருமையின் விலாவில் அது மூச்சுவிடும்போதெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கரட்டில் வெயில் காலத்தில் என்னென்னவோ வரும். வந்த எழுத்து ஒருவருக்கும் புரியவில்லை என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கலந்து கிடந்ததை இங்கிலீஷ் வாத்தியார் பார்த்துவிட்டு இது இங்கிலீஷ் இல்லை என்றார், கருப்பசாமி கோயில் பூசாரி பார்த்துவிட்டு இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை என்றார், மண்டிக்கார அங்குசாமி எதற்கும் இருக்கட்டும் என்று தராசில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்.

சாயங்காலம் காய் வாங்க வந்த ஜெசிந்தா டீச்சர் ஒரு கட்டைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றார். அது அச்சகத்தில் அவர் வருஷக்கணக்கில் தட்டிய பழைய தமிழ் எழுத்துரு. அது ஏற்றப்பட்ட கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், ஏற்றப்படாத இடத்தில் இப்படித்தான் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக உடைந்து கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதையேதான் அவர் போட்டுக் கொடுத்திருந்தார், வெள்ளக்கரட்டு முருங்கைக்காயில் அதை யாரும் ஏற்றியிருக்கவில்லை. அவர் உடைந்த எழுத்தைப் பார்த்து மளமளவென்று தமிழில் வாசித்தார். மழை வந்தால் எங்கள் வீட்டில் நான்தான் முதலில் எழுந்திருப்பேன், ஏனென்றால் என் பாய்தான் ஒழுகுகிற இடத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு கோகுலின் கட்டுரையில் பெட்டிக்கு வெளியே நின்ற வரி அது.

அந்தக் கட்டைச் சுமந்து வந்தவர் கோகுலின் அப்பாதான். அவர் நேராக வீட்டுக்குப் போய்க் கூரையில் ஏறி உடைந்த ஓட்டை மாற்றினார். அவர் இறங்கி வந்த நேரத்துக்கு மண்டியில் அந்தக் கட்டு வெறும் முருங்கைக்காயாக இருந்தது.

“வர்றது வரட்டும் டீச்சர், நாங்க வேணாங்கல” என்றார் அங்குசாமி. “படிக்கிற மாதிரி வரச் சொல்லுங்க.”

டீச்சர் எழுத்துருவை மாற்றினார். அடுத்த இதழிலிருந்து மிச்சவரிகள் நல்ல தமிழில் வர ஆரம்பித்தன, ஊரும் அதற்கேற்ப நடந்துகொள்ளப் பழகியது. கரட்டுக்குரல் வெளிவந்த மறுநாள் மண்டியில் ஏலம் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும், கட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவார்கள். டீக்கடையில் தம்ளரில் வந்த வரியைக் குடித்து முடிக்கும்வரை சத்தமாக வாசிக்க வேண்டும் என்று ஒரு முறை வந்தது. வேட்டியில் வந்தால் வேறு ஆளை வைத்து வாசித்துக்கொள்ளலாம். சுவரில் வருவதை அழிப்பதா விடுவதா என்று துப்புரவுப் பணியாளர்கள் கேட்டபோது பேரூராட்சி கூடி, சுவர் பேரூராட்சியுடையது, எழுத்து பிள்ளைகளுடையது, ஆகவே இரண்டையும் தொட வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பெட்டிக்குள் அச்சானதை மட்டும் யாரும் படிப்பதில்லை.

இரண்டு விஷயங்களை ஊர் தானாகவே கண்டுபிடித்தது. வரி கண்ட இடத்துக்குப் போவதில்லை, யார் அதைப் படிக்க வேண்டுமோ அவர் கைக்கும் காலுக்கும் எட்டுகிற இடத்துக்குத்தான் போகிறது; பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற வரி நேராகப் பேரூராட்சித் தலைவரின் மூக்குக்கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தது, படித்ததும் அது போய்விடாது, படித்தவர் எழுந்துபோய் ஆக வேண்டியதைச் செய்தால்தான் போகும். தலைவர் கண்ணாடியை எவ்வளவோ துடைத்துப் பார்த்தார், கடைசியில் குழாய் ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

இதையெல்லாம் பார்த்துத் தலைமையாசிரியருக்கு மனசு கேட்கவில்லை. தன் வரி மட்டும் ஊருக்குள் வராமல் இருப்பது அவருக்கு ஒரு குறையாகிவிட்டது. ஒருமாதம் வேண்டுமென்றே ஒழுக்கக் கட்டுரையைப் பெட்டிக்கு மேல் பெட்டி நிரம்பி வழியும்படி எழுதினார், அந்த மிச்சம் பூராவும் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில், நாய்கூட ஒதுங்காத பக்கத்தில் போய் நின்றது. இன்னும் நிற்கிறது. ஆசைக்கு இழுத்து எழுதினால் சார் கட்டுரை மாதிரி சுவரில்தான் நிற்கும் என்று ஜெசிந்தா டீச்சர் பிள்ளைகளுக்கு அதையும் ஒரு பாடமாக ஆக்கிவிட்டார்.

யோகலட்சுமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கம் அமைப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை, கண்ணளவிலேயே கோடு கோணாமல் பெட்டி போடுவாள். அவளுடைய அப்பா வீரணன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு ஒரு அக்கா, அழகுமீனா. எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்த பெண், கணக்கில் புலி. இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்த வீரணனிடம் மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகர் வந்து, விடுதியிலேயே தங்கிக்கொள்ளலாம், கல்யாணத்துக்குக் கையில் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள் என்று பேச, ஒரே ஒரு வருஷம் என்று சொல்லி அவளை அனுப்பினார். ஒரு வருஷம் போய் அடுத்ததும் போய்விட்டது. அதே மில்தான், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களில் தகப்பனாரை ஒட்டி வைத்த மில். இப்போது தரகர் மறுபடி வந்து, இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும், மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீரணன் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லிப் பழகாத மனிதர். அவர் தலையாட்டிவிட்டால் அழகுமீனா இனிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போவதில்லை என்பது யோகுவுக்குத் தெரியும்.

அந்த மாதம் அவள் எழுதிய கட்டுரைக்கு எங்கள் அக்கா என்று தலைப்பு. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரையும் அதன் நெற்றியில் இருந்த தகப்பனாரையும் மாறி மாறிப் பார்த்தார். மில்லின் தயவில் நடக்கிற பத்திரிகை இது, நாளைக்கு வண்டியை அனுப்பி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள், இதைப் போடவே முடியாது என்றார். ஜெசிந்தா டீச்சர், ஆளை விடக்கூடாது சார் என்று மட்டும் சொன்னார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொண்டு ரொம்ப நேரம் தெருவைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார், ஆனால் அவர் கண்ணில் நான் படவில்லை.

“பெட்டி நாலு வரிக்கு மேல இருக்கக் கூடாது” என்றார் திரும்பாமலே. “மிச்சத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.”

பின்சுவர்க் கட்டுரைக்காக அவரைக் கேலி செய்த அத்தனை பேரில் நானும் ஒருவன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்தது.

அடுத்த நாள் வகுப்பில் டீச்சர் தொடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். சிவப்புக் குறியின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் மிச்ச எழுத்து பூராவும் சுட்டியின் முனையில் ஏறிக்கொள்ளும், அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறொரு பெட்டியில் தட்டினால் அங்கே இறங்கிக்கொள்ளும், இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒரு கோடு ஓடும், எத்தனை பக்கம் தள்ளி இருந்தாலும் அது ஒரே கட்டுரைதான். யோகு தன் நாலு வரிப் பெட்டியில் தட்டினாள். எழுத்து ஏறிக்கொண்டது. ஆனால் இறக்கி வைக்கப் பத்திரிகையில் ஒரு விரல் இடம் இல்லை. அவள் சுட்டியைத் தாளின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள், ஓரத்தையும் தாண்டினாள். திரையில் தாளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டவெளி உண்டு, அங்கே வைப்பது எதுவும் அச்சாகாது. அந்த வெளியில், வலது பக்கம், கிழக்கே பஸ் போகிற திசையில், தள்ளி ஒரு பெட்டி போட்டு மிச்சத்தை இறக்கினாள்.

“அது அச்சுல வராது யோகு.”

“தெரியும் டீச்சர்.”

டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போனார்.

இதழ் வெளிவந்தது. எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவள் பெயர் அழகுமீனா, அவள் கணக்கில் கெட்டிக்காரி, இப்போது வெளியூரில் இருக்கிறாள் என்று நாலு வரி அச்சாகியிருந்தது. மிச்சம் வீரணனுக்குத்தான் வரும் என்று ஊரே காத்திருந்தது. அவர் தலைப்பாகையில் வரும் என்று ஒரு கட்சி, மூட்டை தூக்கும் கொக்கியில் வரும் என்று ஒரு கட்சி. வீரணன் ரெண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, துண்டைத் துவைத்துத் துவைத்துப் போட்டார். ஆனால் வரவில்லை. மண்டியில் வரவில்லை, டீக்கடையில் வரவில்லை, எருமைமேல் வரவில்லை. வேறு பிள்ளைகளின் வரிகளெல்லாம் வந்தன, யோகுவின் வரி ஊருக்குள் எங்கேயுமே இல்லை. பயந்துகொண்டிருந்த மனிதருக்கு அப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது. துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம், இதுல ஏதாச்சும் இருக்கா பாருங்க என்று கேட்க ஆரம்பித்தார். ஒன்றுமில்லை என்று நான்தான் ஒருமுறை பார்த்துச் சொன்னேன். அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தரகர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். யோகு தனியாக அடுத்த இதழுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊருல எல்லாருக்கும் வருது. எனக்கு ஏன் தாயி வரல?”

“ஒனக்குத்தான்ப்பா எழுதுனேன். அக்கா இருக்குற பக்கம் அனுப்பிட்டேன்.”

“ஏன்?”

“நீ படிக்கச் சொல்லிக் கேப்பேன்னு எனக்குத் தெரியாது.”

வீரணன் திரையைப் பார்த்துக் கையைக் காட்டி, படி என்றார். யோகு தாளுக்கு வெளியே இருந்த பெட்டியைப் பெரிதாக்கிப் படித்தாள். அக்கா போன அன்றைக்கு அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸை என் கையில் கொடுத்து, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் வாரம் தவறாமல் காம்பஸுக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறாள், பக்கத்தில் வார்டன் நிற்பது அவள் குரலிலேயே தெரிகிறது. அப்பா, ஒரு வருஷம் என்றுதான் சொன்னாய். என் கல்யாணத்துக்காக அவள் அங்கே இருக்க வேண்டாம். காம்பஸுக்கு எண்ணெய் போட்டே எனக்கு வயதாகிவிடும் போலிருக்கிறது. அவளை வரச் சொல்லு.

அவள் படித்து முடித்த பிறகும் வீரணன் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தச் சின்ன ஸ்டூலில் இருந்தார். பிறகு, ஒரு வருஷம்னுதான் சொன்னேன் என்று அவளிடம் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை, வெளியே வந்து செருப்பைப் போட்டார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. நான் கூப்பிட்டு ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன், அந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் மகளும் காலை முதல் பஸ்ஸில் கிழக்கே போயிருந்தார்கள்.

மில்லில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது. கரட்டுக்குரல் வெளிவந்த மறுநாளிலிருந்து அங்கே ஓடிய நூலில் எழுத்து வந்துகொண்டிருந்தது. அழகுமீனா நின்ற வரிசையில் சுற்றி இறங்கும் ஒவ்வொரு நூல் கோனிலும் வெள்ளை நூலின் மேல் கறுப்பாகக் காம்பஸும் தேங்காய் எண்ணெயும் வார்டன் பக்கத்தில் நிற்பதும் சுற்றிச் சுற்றி வந்தன. முதலில் அவள் பார்த்தாள், அடுத்து நின்ற பெண் பார்த்தாள், சாப்பாட்டு நேரத்துக்குள் ஷெட் பூராவும் பார்த்துவிட்டது. அவரவர் வீட்டுத் தங்கை எழுதிய மாதிரி அவர்கள் அதைப் படித்தார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள். மேனேஜர் கோனைச் சலவைக்கு அனுப்பினார், எழுத்து இன்னும் பளிச்சென்று வந்தது. பஞ்சை மாற்றினார், மிஷினை மாற்றினார், அவளையே வேறு வரிசைக்கு மாற்றினார், எழுத்தும் கூடவே மாறிப் போனது. அதற்குள் திருப்பூருக்குப் போன ஒரு லோடு பனியனாகி, உள்பக்கம் அவளை வரச் சொல்லு என்ற வரியோடு திரும்பி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம் என்று சொல்வதற்காக எழுந்த வாட்ச்மேன், பெயரைக் கேட்டதும் உள்ளே ஓடினார். மேனேஜரே வந்தார். வீரணன் பஸ்ஸில் வழி நெடுக யோகுவிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“எம்புள்ளய இனிமே இங்க விட முடியாதுங்க. கூட்டிட்டுப் போறேன்.”

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க” என்றார் மேனேஜர். “போறப்ப இந்த எழுத்தையும் கூட்டிட்டுப் போங்க.”

அழகுமீனா துணிப்பையோடு கேட்டைத் தாண்டிய நேரத்தில், உள்ளே ஓடிக்கொண்டிருந்த நூல் வெள்ளையாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அதே நேரத்தில் கம்ப்யூட்டர் அறையைக் கூட்ட வந்த ஜெசிந்தா டீச்சர், அணைக்காமல் விட்டுப்போன திரையில் தாளுக்கு வெளியே இருந்த பெட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மில்லிலிருந்து வண்டி வரத்தான் செய்தது. கம்ப்யூட்டர்களை ஏற்றிப் போக வந்த ஆள், இதிலிருந்துதான் அந்த எழுத்து கிளம்பி வந்ததா என்று விசாரித்தார், ஆமாம் என்றதும் மில்லுக்குப் போன் போட்டார், அங்கே இதைத் திரும்பக் கொண்டுவந்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, வெறும் வண்டியோடு போய்விட்டார். அச்சுப்போடும் பொறுப்பை மண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மாதம் பிறந்தால் வரி இல்லாமல் இருப்பது அவர்களுக்கு இனி முடியாத காரியம். அழகுமீனாவைப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்க்க வருஷம் விட்டுப்போனது குறுக்கே நின்றது, தலைமையாசிரியர் மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார், அது அவருடைய வழக்கப்படி பக்கம் பக்கமாகப் போனது, மேலே இருந்தவர் படித்து முடிக்க முடியாமல் நடுவிலேயே அனுமதி கொடுத்துவிட்டார். அவருடைய நீளம் ஊருக்குப் பயன்பட்டது அதுதான் முதல்முறை.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அழகுமீனா கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். கையில் ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது, துருவே இல்லை, எண்ணெய் வாசனைதான் அடித்தது. டீச்சர் அவளையும் கரட்டுக்குரலுக்கு எழுதச் சொல்லியிருந்தார். அவள் யோகு போட்டுக் கொடுத்த பெட்டியில் முதலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள், அப்புறம் கை வேகம் பிடித்துவிட்டது, மில்லில் பேச முடியாமல் வைத்திருந்தது பூராவும் வந்துகொண்டே இருந்தது, ஒரு பெட்டியில் அடங்குவதாக இல்லை. கீழ் மூலையில் சிவப்பாக ஒன்று முளைத்தது.

“இது என்னது?”

“மிச்சம் இருக்குன்னு அர்த்தம்க்கா” என்றாள் யோகு.

ஜெசிந்தா டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். இந்த இதழில் சாரின் கட்டுரையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம், அவரே சொல்லிவிட்டார், பெட்டியைப் பெரிதாக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

அழகுமீனா திரையில் அந்தச் சிவப்புக் குறியின்மேல் விரலை வைத்தாள்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றாள். “அங்க இன்னும் புள்ளைங்க இருக்காங்க.”

டீச்சர் நிமிர்ந்துகொண்டார். யோகு தன் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு, அவள் கையின்மேல் தன் கையை வைத்துச் சுட்டியை நகர்த்தி, தாளுக்கு வெளியே எப்படிப் பெட்டி போடுவது என்று காட்டினாள்.